கோழித் தடுப்பூசிக்கு ஓர் அனுபானம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது சங்கச் செயலாளர், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க, ஆனா பசங்களுக்குப் பயன்படணும்" என்றார். நான் கோழிக்குப் போடும் ஊசியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கொஞ்சம் யோசித்தார். கெமிக்கல் படித்தவனுக்குக் கோழியோடு என்ன வேலை என்று உங்களுக்கும் தோன்றலாம். இங்கிருந்து வெளியே போனதும் முதல் நான்கு வருடம் ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்த்தேன். அதன்பின் இன்றுவரை, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துக் கலக்கும் ஹோமோஜெனைசர் இயந்திரங்களை நிறுவிக் கொடுப்பதுதான் என் தொழில். கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் இடங்களுக்கும் அந்த இயந்திரம் போகிறது. அங்கே நின்று வேலை பார்க்கும்போதுதான், நம்ம ஊர் தோல் தொழிலும் தடுப்பூசித் தொழிலும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது எனக்குப் புரிந்தது. அந்தச் சொந்தத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன்.

முதலில் ராணிப்பேட்டை. தோலுக்குப் பேர்போன அந்த ஊரில் 1932-ல் தொடங்கிய ஒரு நிலையம் இருக்கிறது. இன்றைய பெயர் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்க்குச் சீரம் தயாரிப்பதற்காகத்தான் அதை ஆரம்பித்தார்கள். அந்த வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடைப்பான், ஆட்டம்மை, கோழிக் கழிச்சல் என்று பல நோய்களுக்கு அங்கே தடுப்பு மருந்து தயாரித்து வந்திருக்கிறார்கள்.

கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலை டாக்டர்கள் 'ராணிக்கெட் நோய்' என்பார்கள். நம்ம பக்கத்தில் நிறைய பேர் அது ராணிப்பேட்டையில் கண்டுபிடித்த நோய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ராணிக்கெட் என்பது இமயமலையில், குமாவோன் பகுதியில் உள்ள ஊர். 1926-ல் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்திலும் இந்த நோய் தெரியவந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் ராணிக்கெட்டில் கண்டார்கள். வெளிநாட்டார் நியூகாசில் என்கிறார்கள், நாம் ராணிக்கெட் என்கிறோம். முக்தேஸ்வரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஐயர், டாப்சன் என்ற இருவர் 1940-ல் இதற்கு ஒரு தடுப்பூசி முறையை வெளியிட்டார்கள். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் அது. அந்த வழியில் வந்த ஆர்2பி என்ற ஊசியை இன்றும் எட்டு வாரம் தாண்டிய கோழிக்குப் போடுகிறோம். குஞ்சுகளுக்கு வேறு வகை. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் போதும்.

ஏன் ஒரு சொட்டு போதும்? உள்ளே போன வைரஸ் உயிரோடு இருக்கிறது. தானே பெருகி, கோழியின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பறவைக் காய்ச்சலுக்கு வருவோம். இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 வகையின் மூதாதையை 1996-ல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையிடம் கண்டார்கள். 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் வந்தது. 2008-ல் மேற்கு வங்காளம். 2014-ல் கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகள். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டம், 2025-ல் கோதாவரி மாவட்டங்கள். நெல்லூர் நமக்கு ரொம்ப தூரம் ஒன்றும் இல்லை. 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லியில் இறந்தான். 2025-ல் ஆந்திராவில் ஒரு குழந்தை. ஆகவே இது கோழிக்காரர் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது.

நோய் உறுதியானால் நம் நாட்டில் செய்வது ஒன்றுதான். நோய் கண்ட இடத்தைச் சுற்றி உள்ள கோழி, வாத்து அத்தனையையும் அழித்துப் புதைப்பது. அரசு நஷ்டஈடு தருகிறது. ஆனாலும் பண்ணைக்காரர் மறுபடி கூட்டைத் திறக்க மாதக்கணக்காகும். வீட்டுக் கோழி வைத்திருக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குக் கோழி என்பது அவசரத்துக்கு எடுக்கும் கைப்பணம்.

அப்படியானால் ராணிக்கெட்டுக்குப் போடுவது போல இதற்கும் உயிருள்ள ஊசியைப் போட்டால் என்ன? கூடாது. இன்ஃப்ளுயன்சா வைரஸ் தன் மரபணுத் துண்டுகளை இன்னொரு இன்ஃப்ளுயன்சாவோடு மாற்றிக்கொள்ளும். சாதுவான வைரஸ் என்று நாம் விட்டது நாளை என்ன வேஷம் போடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே கொன்ற வைரஸைத்தான் போட வேண்டும். கொன்றது தானாகப் பெருகாது. கோழியின் உடம்பு அதைக் கவனிக்காமலே கழித்துவிடும். கவனிக்க வைக்க ஒரு துணை தேவைப்படுகிறது. அதற்குத்தான் 'அட்ஜுவன்ட்' என்று பெயர்.

நம் சித்த வைத்தியர் பஸ்பத்தைக் கையில் கொடுத்து, "தேனில் குழைச்சுச் சாப்பிடு" என்பார். அந்தத் தேனுக்கு அனுபானம் என்று பெயர். மருந்து ஒன்று, அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது இன்னொன்று. அட்ஜுவன்ட்டை நான் தடுப்பூசியின் அனுபானம் என்றே சொல்லுவேன்.

இதன் வரலாறு சுவையானது. பிரான்சில் காஸ்தோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர் 1925 வாக்கில் குதிரைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடம் வீங்கிய குதிரைகளில் எதிர்ப்புச் சக்தி அதிகமாக வருவதைக் கவனித்தார். சரி, வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சல் உண்டாக்கிப் பார்ப்போம் என்று மருந்தோடு ரொட்டித் தூள், ஸ்டார்ச், அகர், மரவள்ளி மாவு எல்லாம் கலந்து பார்த்தார். ஆமாம், சேலத்தில் ஜவ்வரிசி செய்கிறோமே, அதே மரவள்ளிதான்! பலனும் கிடைத்தது. அடுத்த வருடம், 1926-ல், இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் படிகாரம் சேர்த்தார். மனிதர்களுக்குப் போடும் பல தடுப்பூசிகளில் இன்றும் அலுமினிய உப்புதான் அனுபானம். 1930-களில் ஃப்ராய்ண்ட் என்பவர் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை அடைத்த எமல்ஷனைக் கொண்டுவந்தார். கோழிக்குப் போடும் கொன்ற வைரஸ் ஊசிகளில் பெரும்பாலும் இந்த எண்ணெய் வகைதான்.

இங்கே டேனரிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். படிகாரத்தால் தோல் பதனிடுவது பழங்கால முறை. எண்ணெயைத் தண்ணீரில் எமல்ஷனாக்கித் தோலை மெதுவாக்குவதை நாம் ஃபேட் லிக்கர் என்கிறோம். அங்கே தண்ணீருக்குள் எண்ணெய்; ஊசியில் எண்ணெய்க்குள் தண்ணீர். அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் ஒன்று: வைரஸைக் கொல்ல நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பொருள் ஃபார்மலின். அது புரதத்தின் அமினோ கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அதே ஃபார்மால்டிஹைடால் தோலும் பதனிடலாம். வைரஸைக் கொல்லும் தொட்டியும் தோல் பதனிடும் டிரம்மும் ஒரே வேதியியலில்தான் ஓடுகின்றன. ஆம்பூரில் ஒரு சூப்பர்வைசர், "தோலைக் கட்டணும், ஆனா கட்டையாக்கிடக் கூடாது" என்பார். தடுப்பூசியிலும் அதே கவலைதான். ரொம்பக் கட்டினால் வைரஸின் முகம் மாறிப்போய், கோழியின் உடம்புக்கு அடையாளம் தெரியாது.

சரி, எண்ணெய் நன்றாகத்தானே வேலை செய்கிறது, அதற்கு மாற்று எதற்கு? மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, எண்ணெய் தசையில் தங்கும். அதனால் ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் கோழியை அறுக்கலாம் என்று விதி இருக்கிறது. அமெரிக்க எண்ணெய் ஊசிகளின் உறையில் 42 நாள் என்று எழுதுவது வழக்கம். கறிக்கோழியின் மொத்த ஆயுளே ஏறக்குறைய 40 நாள்! முட்டைக் கோழிக்குச் சரி, கறிக்கோழிக்கு எப்படிச் சமாளிப்பது?

இரண்டு, ஊசி போடுகிறவரின் கை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் போடும்போது ஊசி தவறி விரலில் ஏறுவது உண்டு. உள்ளே போனது எண்ணெய் என்றால் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். சின்ன குத்துதானே என்று விட்டால் விரலையே இழக்க நேரிடும். கோழிப் பண்ணையில் வேலைக்குப் போகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், எண்ணெய் ஊசி ஏறிவிட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லணும்.

மூன்று, போட்ட இடத்தில் கட்டி விழுவதும், இறைச்சி கெடுவதும்.

இந்த இடத்தில்தான் பெப்டைட் ஹைட்ரோஜெல் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் நோன்பு திறக்கும்போது கடல்பாசி வைப்பார்களே, அது ஒரு ஹைட்ரோஜெல். கண்ணுக்குத் தெரியாத இழைகள் வலை பின்னி, அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரமோன் குதிரைக்குக் கலந்த அகரும் அந்தக் கடல்பாசியும் ஒன்றுதான். ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உறைந்திருக்கிறதே, அது புரதத்தால் ஆன ஜெல். தோலில் உள்ள கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆகிறது. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரமும் இந்தக் குடும்பம்தான்.

கொலாஜன் என்றதும் சென்னையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்பதை 1954, 1955-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. புரத இழை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்ற கேள்வி நம் மண்ணுக்குப் புதிதே இல்லை.

பெப்டைட் என்பது குட்டிப் புரதம். பத்து, இருபது அமினோ அமிலங்களைக் கோத்த சின்ன மாலை. சரியான வரிசையில் கோத்துவிட்டால், தண்ணீரில் போட்டதும் இந்த மாலைகள் தாமாகவே பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு இழையாகிவிடும். இப்படி ஒரு பெப்டைட் தானாக வலை பின்னுவதை 1993-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் குழுவினர் வெளியிட்டார்கள். 2010-ல் சிகாகோவில் ஜோயல் காலியர் குழுவினர் இன்னொரு பெப்டைட்டோடு கோழி முட்டைப் புரதத்தின் துண்டு ஒன்றை ஒட்டி எலிகளுக்குப் போட்டார்கள். வேறு எந்த அனுபானமும் இல்லாமலே, ஃப்ராய்ண்டின் எண்ணெய்க் கலவைக்குச் சமமாக எதிர்ப்பொருள் வந்தது. 2011-ல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் சிலந்திப் பட்டின் ஒரு துண்டு வரிசையையும், மனிதத் தசைப் புரதத்தின் ஒரு துண்டு வரிசையையும் சேர்த்து ஒரு பெப்டைட் ஜெல் செய்து, எச்1என்1 இன்ஃப்ளுயன்சா தடுப்பூசிக்கு அதை அனுபானமாகச் சோதித்தார்கள்.

இந்த ஜெல்லின் குணம் எனக்கு மிகவும் பிடித்தது. சிரிஞ்சில் அழுத்தினால் இளகி ஓடும். ஊசி முனையைத் தாண்டியதும் மறுபடி உறைந்துகொள்ளும். தக்காளி சாஸ் பாட்டிலைத் தட்டும்போது பார்த்திருப்பீர்கள், ஓரளவு அந்த மாதிரி. உள்ளே பெரும்பகுதி வெறும் தண்ணீர். தோலுக்கு அடியில் ஒரு சின்ன உருண்டையாக நின்று, கொன்ற வைரஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அதன் இழைகளை, ஏதோ கிருமி வந்துவிட்டது என்று உடம்பின் காவல் செல்கள் தேடி வருகின்றன. வேலை முடிந்ததும் அமினோ அமிலமாகக் கரைந்துபோகிறது. தசையில் எண்ணெய் மிஞ்சுவதில்லை. ஹோமோஜெனைசரும் தேவையில்லை, கலக்கினால் போதும். என் பிழைப்புக்கு உலை வைக்கும் சரக்குதான்; இருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்லத்தானே வேண்டும்!

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறைகளை மறைத்தால் அது விளம்பரமாகிவிடும். பெப்டைட்டை மணி மணியாகக் கோத்துச் செய்வது செலவு பிடிக்கும் வேலை. மனிதர் மருந்துக்கு அந்த விலை செல்லும், கோழி ஊசிக்குச் செல்லாது. ஈஸ்ட், பாக்டீரியா மூலமாகப் புளிக்க வைத்து மலிவாக்க வேண்டும். அடுத்தது, வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். பழைய வைரஸை எவ்வளவு நல்ல ஜெல்லில் வைத்துக் கொடுத்தாலும் புதிய வைரஸுக்கு முழுதாகப் பலிக்காது. மூன்றாவது, ஊசி போட்ட கோழி சாகாமல் இருந்துகொண்டே வைரஸை வெளியே பரப்பக்கூடும். நோய் இருப்பதே தெரியாமல் போகும். எச்5 வகைக்கு ஊசி போடாமல் அழிக்கும் கொள்கையை நம் அரசு வைத்திருப்பதற்கு இந்தப் பயமும், ஏற்றுமதிச் சிக்கலும் காரணம். சீனா பல வருடங்களாகப் போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்குப் போட்டு, அந்தப் பண்ணைகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. நம் நாட்டில் வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்கு மட்டும் போபால் ஆராய்ச்சி நிலையம் தடுப்பூசி உருவாக்கித் தந்திருக்கிறது. எச்5-க்கும் ஒருநாள் கதவு திறக்கலாம். அன்றைக்கு நம் கையில் என்ன இருக்கப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ராணிக்கெட் நோய்தான் நமக்குப் பாடம். நல்ல தடுப்பூசி முறை வந்து எண்பது வருடம் தாண்டிவிட்டது. அந்த மருந்து ராணிப்பேட்டையிலேயே தயாராகியிருக்கிறது. பிப்ரவரி மாதத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறை இருவார முகாமும் நடத்துகிறது. அப்படியும் நம் கிராமங்களில் கோடை வந்தால் கோழி சாகத்தான் செய்கிறது. ஏன்?

மாதனூர்ப் பக்கம் என் அத்தை ஒருவர் எட்டு நாட்டுக்கோழி வைத்திருக்கிறார். "ஏன் அத்தை, ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன். "போட்டது மூணுக்குத்தான்பா. மத்தது விடிஞ்சதும் காட்டுக்கு மேயப் போயிடுச்சு. சாயந்தரம் வந்ததைப் புடிச்சு வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? இந்த அஞ்சு கோழிக்காக ஒரு புட்டியை உடைப்பாங்களா?" என்றார். அடுத்த வைகாசிக்குள் அந்த ஐந்தில் நான்கு போய்விட்டது. அத்தை சொன்னதில் ஒரு இன்ஜினியர் படிக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது. கோழி அடைய வருவது சாயங்காலம். புட்டி பெரியது, உயிருள்ள மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். வழி முழுக்க ஐஸ் வேண்டும். இதில் எதுவும் வைரஸைப் பற்றியதல்ல. எல்லாம் புட்டியைப் பற்றியும், பெட்டியைப் பற்றியும், நேரத்தைப் பற்றியும்தான்.

ஆகவே ஒரு புதிய அனுபானத்தை ரத்தப் பரிசோதனையில் எண் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது. வேலூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் தாங்குமா? ஐந்து கோழிக்கு ஒரு சின்ன புட்டியாக அடைக்க முடியுமா? கை நடுங்குகிற பெரியவர்கூட மெல்லிய ஊசியில் அழுத்திவிட முடியுமா? தவறிக் கையில் குத்தினால் விரல் தப்புமா? கடைசி இரண்டில் ஜெல்லுக்கு எண்ணெயைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் இரண்டையும் யாராவது உட்கார்ந்து செய்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த யாராவது நம் கல்லூரியிலிருந்து வரலாமே! இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிற தம்பி தங்கைகளே, வைரஸைத் தொட நமக்கு அனுமதி இல்லை, தேவையும் இல்லை. வெறும் ஜெல்லை வைத்தே நிறையச் செய்யலாம். 25 டிகிரியிலும் 42 டிகிரியிலும் அதன் இறுக்கம் எவ்வளவு மாறுகிறது, சிரிஞ்சில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும், ஊசியைத் தாண்டி எத்தனை வினாடியில் மறுபடி உறைகிறது, சாயம் ஏற்றிய புரதத்தை எத்தனை நாளில் வெளியே விடுகிறது. பெப்டைட் வாங்கக் காசில்லை என்றால் ஜெலட்டினில் ஆரம்பியுங்கள். டேனரி வாசலிலேயே அதன் மூலப்பொருள் கிடக்கிறது. மெக்கானிக்கல் மாணவர்கள் அந்த ஐந்து கோழிப் புட்டியையும், சாயங்காலம் வரை குளிர் தாங்கும் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால்நடை மருத்துவரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

விசை அளக்கும் கருவி ஒன்றும், நல்ல வாட்டர் பாத் ஒன்றும் நம் கெமிக்கல் லேபுக்கு வாங்கித் தர என் செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒத்துக்கொண்டிருக்கிறோம். பயன்படுத்த ஆள் இருந்தால் அடுத்த செமஸ்டருக்குள் வந்துவிடும். ஆர்வமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள்; நான் நான்கு மணி வரை இங்கேதான் இருப்பேன்.